அச்சாணியைத் தேடிய வண்டிகள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரின் உயரத்தையும் சிற்பத்தையும் வியப்பவர் பலர். அச்சாணியை நினைப்பவரோ, தேர் நடுத்தெருவில் நின்ற பின்னரே தோன்றுகின்றனர். இருப்புப்பாதையின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. எந்தப் பாதை எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, திறந்து வைத்தவர் யார் என்பன நூல்களில் எளிதாகக் கிடைக்கும். ஓடிய வண்டி எதனால் நின்றது, நின்ற வண்டியை எவர் எந்தப் பாகத்தைத் தேடி எடுத்து மீண்டும் ஓட்டினர் என்பன அரிதாகவே கிடைக்கும்.

பாகம் தேடும் இக்கலையின் முறைகளைச் சிறுவர் விளையாடும் பொம்மைப் புகைவண்டியில் தெளிவாகக் காணலாம். சிறியதில் கண்ட முறை பெரியதிலும் செல்லும் என்பதற்கு நீலகிரி சான்று. அம்முறை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு ஜோகூர் சான்று.

பொம்மையில் பிறந்த ஒழுங்கு

செருமனி நாட்டில் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859ஆம் ஆண்டு மார்க்லின் நிறுவனம் தோன்றியது. பொம்மை வீட்டுக்கு வேண்டிய சிறு தகரப் பாத்திரங்களைச் செய்வதே அதன் முதல் தொழில். வீடு ஒன்றை வாங்கிய பிள்ளை அடுத்த ஆண்டு அதற்குக் கட்டில் கேட்கும், அதற்கடுத்த ஆண்டு அடுப்புக் கேட்கும் என்பதை அந்நிறுவனத்தார் கண்டனர். அந்த அறிவையே புகைவண்டிக்கும் பயன்படுத்தினர். 1891இல் லைப்சிக் சந்தையில் அவர்கள் காட்டிய பொம்மை இருப்புப்பாதையில் ஒரு புதுமை இருந்தது: தண்டவாளங்களின் இடைவெளிக்கு எண் கொடுத்திருந்தனர். ஓர் எண்ணுக்குரிய பாதையில் அவ்வெண்ணுக்குரிய வண்டிகள் யாவும் ஓடும். பின்னர்க் கைகாட்டி மரம், விளக்குக் கம்பம், நிலையம், பாலம், சாலைக் கேட்டு எனத் துணைப்பொருள்கள் ஆண்டுதோறும் பெருகின.

இடைவெளிக்கு எண் கொடுத்தது வாணிகத் தந்திரம்தான். ஆயினும் அதனால் பாகம் மாற்றும் கலைக்கு அடித்தளம் அமைந்தது. ஓர் அளவு ஊருக்கெல்லாம் பொதுவாகிவிட்டால், ஒருவன் வீட்டில் உடைந்ததை மற்றொருவன் வீட்டிலிருந்து எடுத்து மாற்றலாம். பொது அளவை விட்டு விலகினால் நேர்வதற்கு அமெரிக்க நிறுவனமான லயனல் எடுத்துக்காட்டு. அது 1906இல் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த ஓர் அளவைத் தனக்கென வகுத்து, அதற்கு 'ஸ்டாண்டர்டு' என்று பெயரும் இட்டது. பெயர் பொதுப்பெயர், அளவோ தன்னுடையது. அந்த அளவில் வந்த பழைய வண்டிக்கு இன்று சக்கரம் தேடுவோர், முந்திய பொது அளவுகளில் குவிந்து கிடக்கும் சக்கரங்களைப் பார்த்தும் பயன்கொள்ள இயலாது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த பிராங்க் ஹார்ன்பி வேறொரு வழியைக் கண்டார். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டி எதையும் கட்டலாம் என்னும் விளையாட்டுக்கு அவர் 1901இல் காப்புரிமை பெற்றார். 'மெக்கானோ' என்று பிற்காலத்தில் புகழ்பெற்றது அதுவே. அதன் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தொலைந்ததை எண்ணைச் சொல்லியே கடையில் வாங்கலாம். 1920இல் அவர் வெளியிட்ட முதல் பொம்மைப் புகைவண்டிகளும் திருகாணியால் பூட்டப்பட்டவை. பிள்ளை அதைக் கழற்றலாம், உடைந்ததை மாற்றலாம், திரும்பப் பூட்டலாம். கழற்ற முடிந்ததைப் பழுது பார்க்கலாம் என்னும் பாடத்தைப் பொம்மையிலேயே புகட்டியவர் அவர். லிவர்பூலில் இருந்த அத்தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. அதன் பழைய வண்டிகள் மட்டும் இன்றும் ஓடுகின்றன. பாகம் செய்த சாலை போய்விட்டது. பாகம் இன்னதென அறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

உலோகத்துக்கு வரும் நோய்

பொம்மை வண்டிகளைப் பிடிக்கும் நோய்களுள் கொடியது துத்தநாக நோய். இருபதுகளிலும் முப்பதுகளிலும் சக்கரம், பொறியின் உடல், கைகாட்டியின் அடிப்பீடம் முதலியவற்றைத் துத்தநாகக் கலவையில் வார்த்தனர். அக்கலவையில் காரீயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும். உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்புத் தொடங்கிவிடும். முதலில் வார்ப்பு உப்பும், பிறகு மயிரிழை போல் விரியும், இறுதியில் விரல் பட்டதும் தூளாகும். ஈரமும் வெப்பமும் இந்நோயை விரைவுபடுத்தும். ஆண்டு முழுவதும் புழுக்கமும் மழையும் மாறிமாறி வரும் ஜோகூர் போன்ற நிலத்தில் இதன் கடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. 1929இல் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு செய்த புதிய கலவை அமெரிக்காவில் வந்தது. அதன் பிறகே காரணம் தெளிந்து வார்ப்புகள் திருந்தின. பழைய வார்ப்பில் நோய் தொடங்கிவிட்டால் மருந்து இல்லை. அப்பாகத்தை எடுத்துவிட்டு வேறு பாகம் இட வேண்டும்.

வேறு பாகம் எங்கே கிடைக்கும்? வழிகள் மூன்று. முதலாவது, பயனற்றுப் போன மற்றொரு வண்டியிலிருந்து எடுப்பது. இது எளிது, ஆனால் ஒவ்வொரு முறையும் உலகில் ஒரு வண்டி குறைகிறது. இரண்டாவது, நல்ல நிலையில் உள்ள பாகத்தைக் கொண்டு ரப்பர் அச்சு எடுத்து, அதில் புதிய உலோகத்தை வார்ப்பது. இதில் ஓர் இடர் உண்டு. உருக்கிய உலோகம் குளிரும்போது சிறிது சுருங்கும். ஆகவே வார்ப்பு மூலத்தைவிடச் சிறுத்திருக்கும். அவ்வார்ப்பையே மூலமாக வைத்து மறுபடியும் வார்த்தால் இன்னும் சிறுக்கும். மூன்றாவது, பாகத்தை அளந்து வரைபடம் எழுதி, சுருக்கத்துக்கு இடம் விட்டுச் சற்றுப் பெரிய மாதிரி செய்து, அதிலிருந்து வார்ப்பது. இது கடினம், நிலைப்பதும் இதுவே.

தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தி அன்று. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது ஒரு பிழை சேரும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதும்போது இன்னொன்று சேரும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியது ஒரு சுவடியில் சிதைந்த இடத்தை மற்றொன்றால் நிரப்புவதற்கே. எதிலும் கிடைக்காத இடத்தைத் தம் கற்பனையால் அவர் நிரப்பவில்லை. 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பில் சிதைந்த இடங்கள் சிதைந்தவையாகவே காட்டப்பட்டன; இரு பாட்டுகள் முழுவதுமே கிடைக்காமல் போயின. நல்ல பழுதுபார்ப்பவனின் அறமும் இதுவே. புதிதாக இட்ட பாகம் புதியது என்று பின்வருவோர்க்குத் தெரிய வேண்டும். பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் பூசிப் பழமை என்று விற்பவனைப் பழுதுபார்ப்பவன் என்று சொல்லலாகாது.

துணைப்பொருள்களின் பழுது இன்னும் நுட்பமானது. கைகாட்டியின் உள்ளே ஓடும் கம்பிக்குப் போர்த்த ரப்பர் இறுகி உடைந்திருக்கும். மாறுமின்னை நேர்மின்னாக்கும் பழைய செலினியம் தகடுகள் சோர்ந்திருக்கும். அவற்றுக்குப் பதில் இக்காலச் சிலிக்கான் டயோடு இடுவர். வெளித்தோற்றம் மாறாது, உள்ளுறுப்பு மாறும். தகரக் கூரையைப் பூட்டும் சிறு நாக்குகளை இரண்டு மூன்று முறைக்கு மேல் வளைத்தால் முறியும். ஆதலின் திறக்கும் முன்பே திறக்க வேண்டுமா என்று எண்ணிப் பார்ப்பது கைதேர்ந்தவனின் முதற்பாடம்.

மலையேறும் பெரிய பொம்மை

மக்கள் 'பொம்மை ரயில்' என்று செல்லமாக அழைக்கும் நீலகிரி மலை இருப்புப்பாதை உண்மையில் பொம்மை அன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் அது திறக்கப்பட்டது. நீளம் சுமார் 46 கிலோமீட்டர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் கடுமையானது. பன்னிரண்டரை அடி முன்செல்லும்போது ஏறத்தாழ ஓர் அடி உயரும். வழுவழுப்பான சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரட்டைச் சட்டம் பதித்துள்ளனர். ஒன்றன் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் வருமாறு அவை அமைந்துள்ளன. ஆதலால் பொறியின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடாது.

அப்பாதைக்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் பொறிகள் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர் உடைய அப்பொறியில், உயர்ந்த அழுத்தத்தில் வரும் நீராவி முதலில் இரு சிலிண்டர்களில் புகுந்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றம் வந்ததும் அந்நீராவியே அழுத்தம் குறைந்த நிலையில் மற்ற இரு சிலிண்டர்களுக்குச் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே மூச்சு இரண்டு வேலை செய்கிறது எனலாம். இப்பொறிகளுள் கடைசியானவை 1952இல் வந்தன. அதன்பின் நீராவிக்காலம் உலகெங்கும் முடிந்தது. செய்த தொழிற்சாலையும் காலப்போக்கில் மறைந்தது. பொறி மட்டும் நாள்தோறும் மலை ஏறியது, நாள்தோறும் தேய்ந்தது.

இந்நிலையில் பாகத்தை எங்கே வாங்குவது? வாங்க முடியாது என்று தெரிந்தபின் செய்யத் தொடங்கியது திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பட்டறை. அதன் வரலாறு மலாயாத் தமிழர்க்கு அந்நியமன்று. தென்னிந்திய இருப்புப்பாதையின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர் கப்பல் ஏறிய துறைமுகமும் அதே நாகப்பட்டினம்தான். ஒரே ஊரிலிருந்து ஒரு சாரார் கடல் கடந்தனர்; ஒரு சாரார் உளியும் அரமும் ஏந்திப் பொன்மலைக்குப் பெயர்ந்தனர்.

தேய்ந்ததை மாற்றுவதோடு பொன்மலை நிற்கவில்லை. பழைய பொறியின் உறுப்புகளைப் பார்த்து, அளந்து, வரைந்து, புதிய நீராவிப் பொறிகளையே கட்டியது. முதலில் எண்ணெய் எரிக்கும் பொறிகள் வந்தன; 2021இல் நிலக்கரி எரிக்கும் பொறியொன்று வெளிவந்தது. மேலே சொன்ன மூன்றாம் வழியைப் பொன்மலை இவ்வாறு பெரிய அளவில் செய்து காட்டியது. 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் இப்பாதையை உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. பட்டயம் அன்றைக்குக் கிடைத்தது. அதைக் காப்பாற்றுவதோ பொன்மலைக் கடைசல்காரனின் கை.

ஜோகூர் இழந்த பாதைகள்

மலாய்த் தீபகற்பத்தில் இருப்புப்பாதை அமைக்க முதல் முயற்சி நடந்த இடம் ஜோகூர். 1869இல் அபூ பக்கார் மகாராஜாவின் காலத்தில் ஜோகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு பாதை தொடங்கப்பட்டது. 'இருப்பு'ப்பாதை என்று சொல்வதும் பொருந்தாது. அதன் தண்டவாளங்கள் மரத்தால் ஆனவை. காட்டில் மரம் மிகுதி, இரும்பு அரிது. கணக்கு முதலில் சரியாகத்தான் தோன்றியது. ஆனால் மரம் மிகுந்த காட்டில் கரையானும் மிகுதி. தண்டவாளம் அரிக்கப்பட்டது, பாதை கைவிடப்பட்டது. மரத்தை மாற்றிக்கொண்டே இருக்க மரம் இருந்தது. மாற்றியது நிலைக்க வழி இல்லை. எளிதில் கிடைப்பது எல்லாம் தக்க பாகம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

அடுத்து மூவார். 1890ஐ ஒட்டி, ஊரிலிருந்து பாரிட் ஜாவா நோக்கி ஒரு மீட்டர் அகலத்தில் தனிப்பாதை ஒன்று ஓடத் தொடங்கியது. அது மற்ற எந்தப் பாதையோடும் சேராமல் தனித்தே கிடந்தது. நிலமோ சதுப்பு. அருகே சாலை வந்து, சாலையில் மோட்டார் வண்டியும் வந்தபோது 1920களில் அதன் காலம் முடிந்தது. தனித்துக் கிடந்த பாதைக்குப் பக்கத்துப் பாதையின் வண்டியோ பாகமோ வந்து உதவ வழி இல்லை.

1909இல் கெமாசிலிருந்து ஜோகூர் பாரு வரை பெரும்பாதை முடிந்தது. 1923இல் பாலத்துச் சாலை வழியாகப் புகைவண்டி சிங்கப்பூரை அடைந்தது. இப்பாதை வாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. அது தனித்து நிற்கவில்லை. கோலாலம்பூரின் செந்தூல் பட்டறை அதற்குப் பின்னால் இருந்தது. அப்பட்டறையில் பாய்லர் தட்டியவர், வார்ப்புச் செய்தவர், கடைசல் பிடித்தவர் ஆகியோருள் தமிழர் மிகுதி. தோட்டத்தார் பேச்சில் 'கம்பிச்சடக்கு' என்று வழங்கிய பாதையைத் தமிழர் அமைத்தனர், காத்தனர், பழுது பார்த்தனர்.

பிடுங்கப்பட்ட பாகம்

பொம்மை வண்டிக்குப் பாகம் தேடும்போது இன்னொரு வண்டியைப் பிரிப்பது எளிய வழி என்று முன்னர்க் கூறப்பட்டது. அவ்வழியை ஓர் அரசு ஒரு நாட்டின் மேலேயே நடத்திய காலமும் உண்டு. 1942இல் சப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்குப் பாதை போட முனைந்தது. நீளம் 415 கிலோமீட்டர். புதிய தண்டவாளம் வார்க்க நேரமில்லை. கெமாசில் பிரிந்து கிழந்தானுக்குச் செல்லும் கிழக்குக்கரைப் பாதை 1931இல்தான் முடிக்கப்பட்டிருந்தது. அதன் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தனர். மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் பாதை ஒரே மீட்டர் அகலம். ஆகவே ஒரு நாட்டின் வண்டி மற்ற நாட்டில் அப்படியே ஓடும். பொது அளவு வாழ்வளிக்கும் என்று பொம்மை வண்டி கற்பித்தது. கொடியவர் கையில் அதே பொது அளவு கொள்ளைக்கும் துணைபோயிற்று.

தண்டவாளத்தோடு மனிதரையும் பெயர்த்தனர். ஜோகூர் உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் அவர்களுள் பல்லாயிரவர் மாண்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பெயர்த்த தண்டவாளத்தைப் போருக்குப் பின் திரும்ப இட்டனர். 1953க்குள் கிழக்குக்கரைப் பாதை மீண்டும் முழுமை பெற்றது. தண்டவாளத்துக்கு மாற்றுக் கிடைத்தது. மாண்டவர்க்கு மாற்று ஏது? அவர்களுள் பலருடைய பெயர்கூட எந்தப் பதிவிலும் இல்லை. தொலைந்த மெக்கானோப் பட்டைக்கு எண் உண்டு. தொலைந்த அம்மனிதர்க்கு எண்ணும் இல்லை.

கையில் இருக்கும் ஏடு

1957இல் மலாயாவுக்கு டீசல் பொறிகள் வந்தன. எழுபதுகளில் நீராவி ஓய்ந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பழக்குலை சுமந்த சிறுபாதைகளும் டிராக்டர் வந்தபின் மறைந்தன. 1909இல் எழுந்த ஜோகூர் பாரு நிலையக் கட்டடம் 2010இல் புதிய நிலையத்துக்கு இடம் விட்டது. கெமாஸ் பாதை இன்று இரட்டைப் பாதையாய், மின்சாரப் பாதையாய் மாறிவிட்டது. மாற்றம் வேண்டியதே, அதை எண்ணி வருந்துவதற்கில்லை.

வருந்தத்தக்கது வேறொன்று. நீலகிரிப் பொறி வாழ்கிறது. ஏனெனில் அதன் பாகத்தைச் செய்யும் கை தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி வந்துள்ளது. பழைய பொம்மை வண்டி வாழ்கிறது; ஏனெனில் அதன் எண்ணும் அளவும் எழுதி வைக்கப்பட்டன. மலாயாவில் பழுது பார்த்த தமிழன் தன் அறிவைப் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை; எழுதச் சொன்னவரும் சிலரே. சக்கரத்தைச் சுத்தியால் தட்டி அது எழுப்பும் ஒலியைக் கேட்டு விரிசலை அறிந்த காது, வார்ப்பு மண்ணைப் பிடித்துப் பார்த்து ஈரத்தின் பதம் சொன்ன விரல், பாகங்களுக்குப் பட்டறையிலேயே பிறந்த தமிழ்ப்பெயர்கள் ஆகியவை கிழவர்களோடு கிழவர்களாக மறைந்து வருகின்றன. கலைச்சொல்லைத் தேடி அகராதி புரட்டும் இந்நாளில், ஒரு காலத்தில் வழங்கிய சொல்லைக் கேட்டு எழுதாமல் விடுவது ஏட்டை வெள்ளத்தில் விடுவதற்கு ஒப்பாகும்.

ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் சுற்றுவட்டாரத்திலும் பாதையிலோ பட்டறையிலோ தோட்டத்துச் சிறுவண்டியிலோ வேலை பார்த்த முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். மாணவர் நான்கு பேர் ஒரு மாலைப்பொழுது அவரிடம் அமர்ந்து, பாகத்தின் பெயர் என்ன, அது எங்கே தேயும், எதனால் மாற்றினீர்கள் என்று கேட்டு எழுதினால் போதும். படம் ஒன்று வரைந்து, பாகங்களுக்கு எண் இட்டு, பெயரையும் சொன்னவரையும் பக்கத்தில் குறித்தால் அதுவே ஆவணம். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பயிற்சிப் புத்தகமும் பென்சிலும் வேண்டும். அச்சாணியைத் தேர் நின்றபின் தேடுவதைவிட, அதைச் செய்தவன் இருக்கும்போதே அவனிடம் கேட்டு வைப்பது எளிது.